வீட்டு மாடியில் பதிந்த எட்டுப் பாடல்கள் – வெளியிடும் முன் கேட்டுச் சொல்லுங்கள்

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். இந்தப் பகுதியை வெகு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஊர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், இரவில் கிதார்.

எட்டுப் பாடல்கள் கொண்ட ஆல்பம் ஒன்றை மாடி அறையில் பதிந்து முடித்திருக்கிறேன். பெயர் இன்னும் வைக்கவில்லை. நாட்டுப்புற மெட்டும் ராக்கும் கலந்த வகை என்று சொன்னால் பொருந்தும். கிதார், ஆர்மோனியம், என் குரல், நான்காவதிலும் ஐந்தாவதிலும் உடுக்கை, அங்கங்கே பேஸ். டிரம்ஸ் கிடையாது.

பக்திப் பாடல்கள் அல்ல. எந்தச் சாமியின் பெயரும் எட்டிலும் வராது. ஆனால் அப்பா போன பிறகு வடலூருக்கு, வள்ளலாரின் சபைக்குப் போய் வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. தருமசாலையில் சாப்பிடுவேன், ஞானசபையைச் சுற்றி வந்து வெளியே மணலில் உட்கார்ந்திருப்பேன், பஸ் ஏறி வந்துவிடுவேன். எழுதியதெல்லாம் அந்த உட்கார்ந்திருந்த நேரத்தில் மனதில் ஓடியவை.

ஐந்தாவது பாடலைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம். தைப்பூசத்தன்று சபையில் ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவார்கள் அல்லவா? அந்தப் பாடல் ஏழு டிராக்குடன் (தனித்தனியாகப் பதிந்து சேர்த்த ஏழு ஒலிகளுடன்) தொடங்கும். ஒவ்வொரு சரணம் முடியும்போதும் ஒன்று போய்விடும். கடைசியில் குரல் மட்டும்.

பதிவு: ஒரு கண்டென்சர் மைக், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், பழைய லேப்டாப். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை, சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்துக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தினால்தான் பாட முடியும். சித்திரை மாதம் கடலூரில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

இப்போது கேள்வி. மூன்றாவதில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விழுந்திருக்கிறது. ஆறாவதில் ரயில் ஊதுகிறது. புதுச்சேரியில் நண்பர் ஒருவர் தன் ஸ்டூடியோவில் குறைந்த வாடகைக்கு இடம் தருகிறேன் என்கிறார். எல்லாவற்றையும் அங்கே போய்த் திரும்பப் பதிவதா, இப்படியே விடுவதா? தயங்காமல் சொல்லுங்கள்.

---

முதுநகர் எழுதியது:

இரண்டாவது பாட்டு 'தானே' புயலைப் பற்றியதுதானே? 2011 டிசம்பர் 30 காலையில் எங்கள் தெருவில் ஒரு மரம் மிச்சமில்லை. பண்ருட்டிப் பக்கம் சித்தி வீட்டில் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்:

*படுத்திட்டியே பலாவே, பாய் கூட விரிக்காம*
*பிஞ்செல்லாம் மடியில் வச்சு, பேர் கூடச் சொல்லாம*

மற்ற பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த அளவுக்கு ஒட்டவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

ஒயிட்டவுன்_ஒலி எழுதியது:

புதுச்சேரியில் சவுண்ட் வேலை பார்க்கிறேன். ஹெட்போனிலும் மானிட்டரிலும் முழுக்கக் கேட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மைக்கில் குறை ஒன்றும் இல்லை. குறை அறையில். நீளம், அகலம் இரண்டும் பத்து அடி, உயரமும் ஏறத்தாழ அதே அளவாகத்தான் இருக்கும். ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடைக்காது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, நம் ஊர் வெயிலில், 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தேங்கி நிற்கும். அடுத்தது அதன் இரட்டிப்பு, 114. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் மூன்றும் ஒரே இடத்தில் குவியும். கிதாரின் ஏ தந்தி 110 ஹெர்ட்ஸ். ஏ ஸ்கேலில் உள்ள பாடல்களில் மட்டும் கிதார் 'பொம்' என்று வீங்குகிறதே, அது இதனால்தான். ஈக்யூ (ஒலியின் மேல், கீழ் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து அந்தக் கீழ் ஒலியை வெட்டியிருக்கிறீர்கள், தெரிகிறது. வெட்டியதில் கிதாரின் உடம்பே போய்விட்டது.

மெத்தை இந்தக் கீழ் ஒலியை ஒன்றும் செய்யாது. அது மேல் ஒலிகளைத்தான் உறிஞ்சும். செலவில்லாத வழி, உட்காரும் இடத்தை மாற்றுவது. அறையின் நடுவில் உட்கார்ந்து பதிந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில்தான் அந்த 114 உச்சத்தில் இருக்கும். எந்தச் சுவரிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி, மூலையை விட்டு, மைக்கை வையுங்கள். அங்கே அது அடங்கிவிடும். ஒரே பாட்டை இரண்டு இடத்திலும் பதிந்து பாருங்கள், நான் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இருக்காது.

அப்புறம் ரிவெர்ப், அதாவது எதிரொலி முழக்கம். எட்டுப் பாட்டிலும் குரலைக் கொண்டுபோய்ப் பெரிய மண்டபத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஆன்மிகம் என்றவுடன் எல்லோரும் ரிவெர்ப் குமிழைத்தான் முதலில் திருகுகிறார்கள். உங்கள் வரிகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல எழுதப்பட்டவை. அதைக் கொண்டுபோய் அறுபதடி தள்ளி நிறுத்தினால் கேட்பவன் என்ன செய்வான்? பாதியாகக் குறையுங்கள். ஐந்தாவதில் கடைசிச் சரணத்தில் அறவே எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது பாட்டின் யோசனை அருமை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. ஒவ்வொரு டிராக்கிலும் உங்கள் அறையின் இரைச்சல் கொஞ்சம் இருக்கிறது. ஏழும் சேரும்போது ஒரு டிராக்கை விட அது சுமார் 8 டெசிபல் கூடும். நீங்கள் ஒரு கருவியை நிறுத்தும்போது அந்த இரைச்சலும் ஒரு படி இறங்குகிறது. ஹெட்போனில் அது கதவு சாத்துவது போல் கேட்கிறது. திரை விலக வேண்டிய இடத்தில் கதவு சாத்தினால் எப்படி? இதற்கு வழி எளிது. யாரும் பாடாமல் வாசிக்காமல் அந்த அறையின் வெறும் ஒலியை நாலைந்து நிமிடம் பதிந்து, பாட்டு முழுவதும் அடியில் ஓடவிடுங்கள். கருவிகளை வெட்டாமல் மெதுவாக இறக்குங்கள்.

குக்கர், ரயில் பற்றி: ரயில் இருக்கட்டும். அது இரண்டு வரிகளுக்கு நடுவில் வருகிறது, யாரையும் இடிக்கவில்லை. குக்கர் முக்கியமான சொல்லின் மேல் விழுகிறது, அதுவும் குரல் இருக்கும் அதே அலைவரிசையில். அந்த ஒரு பாட்டைத் திரும்பப் பதியுங்கள், போதும்.

லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். ஏழாவதில் அடியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்கிறது. கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் பதிந்ததாக இருந்தால் கரகரப்பும் சேரலாம்.

---

நாலாவது_தந்தி எழுதியது:

ஸ்டூடியோவுக்குப் போகாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் தன் வீட்டில் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் பாடிப் பதிந்தார். தன் இசைக்குழுவுக்குப் பாட்டைச் சொல்லித் தருவதற்கான மாதிரிதான் அது. அப்புறம் குழுவோடு ஸ்டூடியோவில் பதிந்து பார்த்தார்கள். சரிப்படவில்லை. கடைசியில் சட்டைப்பையில் உறைகூட இல்லாமல் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்று வெளிவந்தது. கேசட்டிலிருந்து இசைத்தட்டுக்கு மாற்றுவதற்கே படாதபாடு பட்டார்கள். இன்று அவருடைய நல்ல ஆல்பங்களைச் சொல்லச் சொன்னால் அதை விட்டுவிட்டு யாரும் சொல்வதில்லை.

வீட்டில் பாடும்போது யாரும் பார்க்கவில்லை என்ற துணிவில் ஒரு குரல் வரும். மணிக்கணக்கில் வாடகை ஓடும் இடத்தில் அது வராது. உங்கள் ஏழாவது பாட்டில், முனகலோ என்னவோ, அந்தக் குரல் இருக்கிறது.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

எட்டுப் பாட்டும் ஒரே வேகம். கால் தட்டிப் பார்த்தேன், நிமிடத்துக்கு எழுபது தட்டு, இம்மி பிசகாமல். உள்முகமாகத் திரும்பினால் மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? காவடி எடுப்பவன் ஓட்டமும் ஆட்டமுமாகத்தான் போகிறான். அவனுக்கு என்ன ஆன்மிகம் குறைந்துவிட்டது?

நாலாவது பாட்டுக்கு மேல் போக எனக்கு மூன்று தடவை காபி தேவைப்பட்டது.

---

உப்புக்காற்று எழுதியது:

முதுநகர் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டாவது பாட்டு ஏன் ஒட்டுகிறது, மற்றவை ஏன் ஒட்டவில்லை?

தம்பி, உங்கள் முதல் பாட்டு இப்படிப் போகிறது:

*எனக்குள்ளே ஒரு வெளி*
*வெளிக்குள்ளே ஒரு ஒளி*
*ஒளிக்குள்ளே நான் இல்லை*
*இல்லாமல் நான் இருக்கிறேன்*

இது தவறான பாட்டு இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலும் எழுதியிருக்கலாம். இதில் பாடுகிறவன் யாரிடம் பேசுகிறான்? தன்னிடம் கூட இல்லை. மைக்கிடம் பேசுகிறான். இரண்டாவது பாட்டில் நீங்கள் விழுந்து கிடக்கும் ஒரு மரத்தைக் கூப்பிட்டுக் கேட்கிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

தமிழில் மனதுக்குள் போன பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். பாம்பாட்டிச் சித்தர் பாம்பை ஆடச் சொல்கிறார். குதம்பைச் சித்தர் காதில் குதம்பை போட்ட ஒரு பெண்ணிடம் சொல்கிறார். அழுகணிச் சித்தர் கண்ணம்மாவிடம் அழுகிறார். யாரும் கிடைக்காவிட்டால் நெஞ்சையே பிடித்து எதிரில் உட்கார வைத்து ஏசுவார்கள். இது வெறும் அலங்காரம் என்று நான் நினைக்கவில்லை. எதிரில் ஒருவர் இருந்தால் பொய் சொல்ல முடியாது, மேகம் மாதிரி மிதக்கவும் முடியாது. பாம்பிடம் பேச வேண்டுமானால் பாம்புக்குப் புரிவது போலத்தானே பேச வேண்டும்?

நாட்டுப்புறத்திலும் இதேதான். தாலாட்டு, பதில் சொல்லத் தெரியாத குழந்தையிடம் பாடுவது. ஒப்பாரி, இனிமேல் பதில் சொல்ல முடியாதவரிடம் பாடுவது. இரண்டிலும் பாடுபவர் தன் கதையைத்தான் சொல்லித் தீர்க்கிறார். மாமியார் செய்தது, அண்ணன் செய்யாமல் போனது எல்லாம் வந்துவிடும். ஆனால் "எனக்குள்ளே" என்று ஆரம்பிக்க மாட்டார். "என்னைப் பெத்த அம்மா" என்றுதான் ஆரம்பிப்பார்.

உங்கள் பெயரே கெடிலக்கரை. கெடிலம் ஆற்றின் கரையில் பண்ருட்டிக்குப் பக்கத்தில்தான் திருவதிகை. அங்கே நாவுக்கரசர் பாடிய முதல் பதிகம் எதைப் பற்றி? சூலை நோய். வயிற்று வலி. தத்துவம் எல்லாம் பிறகு. முதலில் வலிக்கிறது, நீர் இதை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று நேருக்கு நேர் ஒரு புகார். அந்த மனிதரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், மிதந்து கரையேறினார் என்று சொல்லும் இடமும் உங்கள் கடலூர்தான். கரையேறவிட்ட குப்பம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அதாவது உங்களுக்கு இதற்கெல்லாம் வெளியே போக வேண்டியதில்லை, நடந்து போகும் தூரத்திலேயே பெரிய முன்மாதிரி கிடக்கிறது.

நாலாவது_தந்தி சொன்ன அந்த ஆல்பத்தை நானும் கேட்டிருக்கிறேன். அதில் பல பாட்டுகளில் பாடுகிறவன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்து "சார்" என்று யாரையோ கூப்பிடுவான், கவனித்தீர்களா? யார் அந்த சார் என்று கடைசிவரை தெரியாது. நீதிபதியோ, போலீஸ்காரரோ, யாரோ. அந்த ஒரு கூப்பிடலில் பாட்டு முழுக்க வாக்குமூலமாகிவிடுகிறது. கேசட்டில் பதிந்ததால் மட்டும் அந்த நெருக்கம் வந்துவிடவில்லை.

இன்னொன்று, சின்ன விஷயம். ஆறாவது பாட்டில் "வலி" என்ற சொல்லை அடி விழும் இடத்தில் வைத்து இழுக்கிறீர்கள். எனக்கு "வாலி" என்று கேட்டது. நடுவில் ராமாயணம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் நகர்த்திக் கேட்டேன். ராக் மெட்டில் நீளமான ஸ்வரம் எங்கே வரும் என்று பார்த்து அங்கே நெடிலை வையுங்கள், இல்லையென்றால் ஒற்றில் முடியும் அசையை வையுங்கள். குறிலை வைத்துத்தான் தீர வேண்டுமென்றால் முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாவதில் இழுங்கள். வயலில் பாடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எதிர்பார்த்ததை விட நிறைய அடி.

ஒயிட்டவுன்_ஒலி அண்ணா, நடு அறையில்தான் உட்கார்ந்தேன். நேற்று இரவு நாற்காலியைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன வீக்கம் காணோம். அறையின் வெறும் ஒலியையும் பதிந்துவிட்டேன். கேட்டால் தூரத்தில் ஒரு நாய் இருக்கிறது. அதையும் விட்டுவைக்கலாம் என்று பார்க்கிறேன்.

உப்புக்காற்று ஐயா, உங்கள் பதிவைப் பலமுறை படித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிக்கு என்னிடம் வாதம் இருக்கிறது. எட்டுப் பாட்டிலும் யாரையாவது கூப்பிட ஆரம்பித்தால் அதுவும் ஒரு பாணியாகிவிடும். மரமே, கடலே, காக்கையே என்று. மேலும் நீங்கள் சொல்லும் அந்தப் பாட்டுகள் எல்லாம் எதிரே கேட்க ஓர் ஆள் உண்டு என்று நம்பியவர்கள் பாடியவை. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. வடலூரில் உட்கார்ந்திருக்கும்போது யாரிடமும் எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை. அந்த நிலையைத்தான் பாடப் பார்த்தேன். இல்லாத ஆளைக் கூப்பிட்டுப் பாடினால் அது நடிப்பாகாதா?

சும்மா_படிப்பவன், காபிக்குக் காசு தர முடியாது. வேகத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

---

நாலாவது_தந்தி எழுதியது:

நானும் கெடிலக்கரை பக்கம்தான். "நான்" என்று பாடுவதில் என்ன குற்றம்? அறையில் தனியாகக் கிதாருடன் இருக்கும் ஒருவனின் வடிவம் அது. உலகம் முழுக்க அறுபது வருடமாகப் பாடுகிறார்கள். அதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

ஆனால் அந்தப் பாட்டுகளில் நல்லவற்றில் "நான்" மட்டும் இருக்காது. சமையலறை இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும், ஒரு கிழமை இருக்கும். உங்கள் ஆறாவது பாட்டில் ரயில் ஊதும்போதுதான் எனக்கு முதன்முதலாக நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தது. வரிகளில் தெரியவில்லை. அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

---

உப்புக்காற்று எழுதியது:

"எதிரே ஆள் இருக்கிறாரா என்று தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, எட்டுப் பாட்டிலும் இல்லாத வரி அது. அதைப் பாடுங்கள்.

நடிப்பாகாதா என்று கேட்டீர்கள். ஒப்பாரி பாடுகிற கிழவிக்கு இறந்தவர் காதில் விழாது என்று தெரியாதா? தெரிந்துதான் பாடுகிறாள்.

---

பண்ருட்டிப்_பலா எழுதியது:

தாமதமாக வருகிறேன். தாத்தா தெருக்கூத்தில் இருந்தவர். சித்தப்பா இப்போதும் அங்காளம்மன், மாரியம்மன் கோயில்களில் பம்பை, உடுக்கை வாசிக்கப் போகிறார். அதனால் உடுக்கையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்கள் பயன்படுத்தியிருப்பது இணையத்தில் கிடைக்கும் லூப், ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது. இரண்டு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும், ஏனென்றால் சுருதி அசையவே இல்லை. உடுக்கையின் இடுப்பில் சுற்றியிருக்கும் கயிற்றைக் கையால் அழுத்தித் தளர்த்தித்தான் அதன் குரலை ஏற்றி இறக்குவார்கள். அழுத்தினால் தோல் இறுகும், ஒலி மேலே போகும். விட்டால் இறங்கும். சாமி அழைக்கும்போது அந்த ஏற்றத்தைக் கேட்டுத்தான் எதிரில் நிற்கிறவருக்கு உடம்பு நடுங்குகிறது. லூப் போட்டால் அது மணிக்கூண்டுக் கடிகாரம்.

அந்த ஏழு திரைப் பாட்டைப் பற்றி ஒன்று. கூத்திலும் திரை உண்டு, தெரியுமா? முக்கியமான வேஷம் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்றே பாடுவார். கிரீடத்தின் உச்சி தெரியும், கால் சலங்கை கேட்கும், முகம் தெரியாது. தான் யார் என்பதைப் பாடிக்கொண்டேதான் திரையை விலக்குவார். சின்ன வயதில் அந்தத் துணிக்குப் பின்னால் இருப்பவர் விடிந்தால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மாமாதான் என்று தெரிந்தும் பயந்திருக்கிறேன்.

நீங்கள் வடலூர்த் திரையை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகிறீர்கள், சரி. கூத்துத் திரைக்குப் பின்னால் நிற்கும் குரலையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே ஒலி குறையாது, ஏறும். முதல் சரணத்தில் உங்கள் குரல் எல்லாவற்றுக்கும் பின்னால் அடங்கிக் கிடந்து, ஒவ்வொரு திரைக்கும் ஒரு படி முன்னால் வந்தால் எப்படி இருக்கும்? இப்போது முதலிலிருந்து கடைசி வரை குரல் ஒரே இடத்தில் நிற்கிறது. கருவிகள்தான் போகின்றன. எனக்கு அது கல்யாண வீட்டில் ஆட்கள் கலைவது போலத்தான் கேட்டது.

சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆடி மாதம் மட்டும் கேட்காதீர்கள், ஒரு நாள் கூட ஒழியாது. அதற்கு முன்னால் என்றால் வந்து வாசிப்பார். காசு பேசிக்கொள்ளுங்கள், ஓசியில் வேண்டாம்.

---

ஒயிட்டவுன்_ஒலி எழுதியது:

பண்ருட்டிப்_பலா சொன்ன யோசனையை மிக்ஸிலேயே செய்துவிடலாம், திரும்பப் பாட வேண்டியதில்லை. முதல் சரணத்தில் குரலுக்கு ரிவெர்ப் நிறைய, மேல் ஒலிகளை வெட்டி மங்கலாக வையுங்கள். ஒவ்வொரு சரணத்திலும் ரிவெர்ப் குறையட்டும், மேல் ஒலி திரும்பி வரட்டும். கடைசியில் ஒன்றுமே இல்லாத வெறும் குரல், காதுக்குப் பக்கத்தில். நான் முன்பு ரிவெர்ப் வேண்டாம் என்றது மற்ற ஏழு பாட்டுக்கு. இதில் அதற்கு வேலை இருக்கிறது.

மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சரிசெய்தல்) செய்யும்போது சத்தத்தை ஏற்றி நசுக்கிவிடாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் சராசரியை அளக்கும் அலகு) அளவுக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். நீங்கள் ஏற்றி அனுப்பினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கியது மட்டும் மிச்சமாகும். முழு ஆல்பமும் அடங்கிய தொனி என்பதால் உங்களுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் சொத்து.

---

கெடிலக்கரை எழுதியது:

இரண்டு வாரமாக வேறு எதுவும் செய்யவில்லை. முதல் பாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போதைக்கு இப்படி இருக்கிறது:

*மேசை இழுப்பறைக் கண்ணாடியே,*
*துடைச்சு வச்சா யாருக்குத் தெரிவே?*
*அவர் படிச்ச பக்கத்தில*
*எனக்கு எழுத்தெல்லாம் கலங்குது*

அப்பாவின் மூக்குக் கண்ணாடி. போட்டுப் பார்த்தால் எனக்கு எதுவும் தெரியாது, பவர் அப்படி.

ஐயா, உங்களிடம் தோற்றுவிட்டேன் என்று அர்த்தமில்லை. எட்டில் மூன்றில் மட்டும்தான் யாரையாவது கூப்பிடப் போகிறேன். ஏழாவதைத் தொடவே மாட்டேன். அதில் யாரும் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

---

உப்புக்காற்று எழுதியது:

நாலாவது வரி நன்றாக இருக்கிறது. முதல் வரியை உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா? "இழுப்பறை" என்று எழுதத்தான் எழுதுவோம். இரண்டாவது வரியில் பேச்சு வழக்கு வந்துவிட்டது, முதல் வரி மட்டும் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறது.

ஏழாவதைத் தொட வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம்.

---

முதுநகர் எழுதியது:

"அப்பா போட்ட கண்ணாடியே" என்று வைத்தால் போயிற்று. நெடிலும் கிடைக்கிறது.

---

சும்மா_படிப்பவன் எழுதியது:

இந்தப் புதுப் பாட்டு என்ன வேகம்?

---

கெடிலக்கரை எழுதியது:

எழுபத்திரண்டு.

சரி சரி, கோபப்படாதீர்கள். மூன்றாவதைக் குக்கருக்காக எப்படியும் திரும்பப் பதிய வேண்டும். அதைச் சிந்து நடைக்கு மாற்றி, நூற்றுப் பத்துக்குக் கொண்டுபோகிறேன். உடுக்கைக்கும் அதில் இடம் வரும். முதுநகர், அந்த வரியை எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டூடியோவுக்கு மொத்தமாகப் போகவில்லை என்று முடிவு. மாடியிலேயே மீதி. பண்ருட்டிப்_பலா, சித்தப்பா வர முடியும் என்றால் வரும் ஞாயிற்றுக்கிழமை நானே மைக்கை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறேன். அவர் வீட்டிலேயே பதிந்துகொள்கிறேன். உடுக்கைக்கு இந்தக் கண்டென்சர் மைக் தாங்குமா?

---

ஒயிட்டவுன்_ஒலி எழுதியது:

தாங்கும். மைக்கில் ஓங்கிய சத்தத்தைக் குறைத்து வாங்கும் 'பேட்' சுவிட்ச் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் கெயினைக் குறைத்து, உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் தாண்டாமல் பாருங்கள். பதியத் தொடங்கினால் அவர் ஒத்திகையை விட ஓங்கித்தான் அடிப்பார். தோலுக்கு நேர் எதிரில் வைக்காதீர்கள், இரண்டு அடி தள்ளிச் சற்றுச் சாய்வாக. கயிற்றை அழுத்தும் கையின் பக்கம் மைக்கின் முகம் இருக்கட்டும், அந்த ஏற்ற இறக்கம் நன்றாக விழும். முடிந்தால் மாட்டுக் கொட்டகை, கூரைத் திண்ணை மாதிரி திறந்த இடத்தில் பதியுங்கள். கான்கிரீட் அறை மட்டும் வேண்டாம்.

---

பண்ருட்டிப்_பலா எழுதியது:

திண்ணை இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், வெயில் ஏறினால்தான் தோல் பிடிக்கும் என்கிறார். விவரம் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பவர் பாயின்ட் திண்ணையில் கிடையாது, லேப்டாப்பை முழுக்கச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள்.